மேஸ்திரி கேட்கும் முதல் கேள்வி

கிருஷ்ணகிரியில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூரில் நான் முதலில் சேர்ந்த கம்பெனி மிகச் சிறியது. ஆறு மெஷின், இருபது பேர். பெரிய தொழிற்சாலைகளுக்குச் சின்னச் சின்ன ஷாஃப்ட், அதாவது உருண்டையான உலோகத் தண்டு, கடைந்து கொடுப்போம். கடைந்த ஒவ்வொரு துண்டையும் ஜாப் என்போம். மணிக்கு ஒரு தடவை ஐந்து ஜாப் எடுத்து, மைக்ரோமீட்டர் என்ற நுண்ணளவுக் கருவியில் அளந்து, இன்ஸ்பெக்ஷன் ஷீட்டில் எழுத வேண்டும். விட்டம் 25 மில்லிமீட்டர். அதற்கு மேல் 0.02 வரை போகலாம், தாண்டக் கூடாது. ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லாத இடைவெளி அது.

சேர்ந்த மூன்றாம் நாள் இரண்டாம் ஷிப்ட். இரவு ஒன்பதரைக்கு என் சீனியர் அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காலியாகக் கிடந்த ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டு, எட்டு மணி நேரத்துக்கான நாற்பது ரீடிங்கையும் ஐந்தே நிமிடத்தில் எழுதி முடித்தார். 25.011, 25.009, 25.012 என்று பேனா ஓடிக்கொண்டே இருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்து, "ஒரே நம்பரையே போடாத தம்பி, ஆடிட்ல கண்டுபிடிச்சுடுவாங்க. கொஞ்சம் மாத்தி மாத்திப் போடு" என்றார். தொழில் சொல்லிக் கொடுக்கும் அக்கறையோடுதான் சொன்னார்.

அவரைக் கெட்டவர் என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. வீட்டிலிருந்து கொண்டுவரும் களியில் பாதியை எனக்குப் பிட்டு வைப்பார். டூல் கிரைண்டிங் என் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். டீக்கடையில் பாக்கிச் சில்லறை கூடுதலாக வந்துவிட்டால் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருவார். அப்படிப்பட்ட மனிதர் தினமும் நாற்பது பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்றே வாரத்தில் நானும் ஒன்பதரைக்கு ஸ்டூலை இழுத்துப் போட ஆரம்பித்தேன். பொய் எழுது என்று யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை.

இப்போது நான் பிள்ளைகளுக்கு டர்னர் தொழில், அதாவது லேத் என்ற கடைசல் மெஷினில் வேலை செய்வது, சொல்லிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் பர்கூர், காவேரிப்பட்டணம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் முதல் வேலைக்குக் கிளம்பும்போது சம்பளம், பஸ், ரூம், கேன்டீன் எல்லாம் விசாரிக்கிறார்கள். அந்த இடத்தில் எதைச் சரி என்று நினைக்கிறார்கள், எதைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பிள்ளை அங்கே எப்படிப்பட்ட ஆளாக மாறுவான் என்பதைச் சம்பளத்தைவிட அதுதான் அதிகம் தீர்மானிக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

"இங்க இப்படித்தான்"

நிர்வாகவியல் படிப்பவர்கள் இதைப் பணியிட அறப் பண்பாடு என்கிறார்கள். சொல் கொஞ்சம் கனமாக இருக்கிறது. நம் ஆட்கள் இதையே இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்: "இங்க இப்படித்தான்." புதிதாக வந்தவர் எதையாவது பார்த்து முழிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் சொல்கிற பதில் அது. எந்தத் தப்புக்குத் திட்டு விழும், எதற்கு விழாது, யார் சொன்னால் எடுபடும், எதை வெளியே பேசக் கூடாது என்று ஒரு இடத்தில் எல்லாருக்கும் தெரிந்த, எங்கேயும் எழுதி வைக்காத விஷயங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பண்பாடு.

எழுதி வைத்திருப்பதும் ஒன்று உண்டு. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். சேர்ந்த அன்று கையெழுத்து வாங்குவார்கள். அது வேண்டும்தான். ஆனால் அதை மட்டும் வைத்து ஒரு இடத்தை எடை போட முடியாது. அமெரிக்காவில் என்ரான் என்ற எரிசக்திக் கம்பெனி 2000-ல் தன் ஊழியர்களுக்கு 64 பக்கத்தில் ஒரு நெறிமுறைக் கையேடு கொடுத்தது. நேர்மை, மரியாதை எல்லாம் அதில் இருந்தன. 2001 டிசம்பரில் கணக்கு மோசடி அம்பலமாகி அந்தக் கம்பெனி திவாலானது. நம் பக்கத்து ஹைதராபாத்திலேயே சத்யம் கம்ப்யூட்டர்ஸ் இருந்தது. நல்ல நிர்வாகத்துக்கு என்று 2008-ல் விருது வாங்கிய நிறுவனம். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் வெளியே வந்தது. கணக்கில் காட்டியிருந்த பணத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை என்று அவரே அதில் ஒப்புக்கொண்டார்.

என் முதல் கம்பெனியிலும் வாசலுக்கு நேரே, நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்தில், தரமே எங்கள் உயிர் என்று பெரிய பலகை இருந்தது. ஸ்டூல் அந்தப் பலகைக்குக் கீழேதான் கிடக்கும்.

புது ஆள் எதைப் பார்க்கிறான்

வேலைக்குப் புதிதாக வருகிறவன் கையேட்டைப் படித்து நடப்பதில்லை, பக்கத்து ஆளைப் பார்த்து நடக்கிறான். இதில் அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொழிலையே நாம் அப்படித்தான் கற்கிறோம். சக்கில் ஜாப் மாட்டுவதையும் கூலன்ட் திறப்பதையும் பார்த்துப் பழகும் அதே கண், ஷீட்டை எப்படி நிரப்புகிறார்கள் என்பதையும் பார்த்துப் பழகிக்கொள்கிறது. கைப்பழக்கம் எது, பொய் எது என்று முதல் மாதத்தில் அவனுக்குத் தனித்தனியாகத் தெரியாது.

தெரிந்தாலும் கூட்டத்துக்கு எதிராகச் சொல்வது சுலபமில்லை. 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டுக்குச் சமமான நீளம் எது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சின்னக் குழந்தைகூடச் சரியாகச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரையும் ஆஷ் முன்பே பேசி வைத்திருந்தார். அவர்கள் வரிசையாக ஒரே தப்பான பதிலைச் சொல்வார்கள். விவரம் தெரியாத அந்த ஒருவரின் முறை வரும்போது என்ன சொல்கிறார் என்பதுதான் சோதனை. கலந்துகொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பான பதிலைச் சொன்னார்கள். கோடு கண் முன்னால் இருந்தும் சொன்னார்கள்.

அதே சோதனையில் இன்னொரு பாதி இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம். கூட்டத்தில் வேறு ஒரே ஒரு ஆள் சரியான பதிலைச் சொன்னால் போதும், கூட்டத்தோடு ஒத்துப் போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. பெரும்பான்மை தேவைப்படவில்லை. துணைக்கு ஒருவர் போதுமாக இருந்தது.

எங்கள் ஆறு மெஷினிலும் அப்படி ஒருவர் இருந்தார். கோடியில் கிடந்த பழைய லேத்தில் வேலை செய்தவர், வயதானவர். மணி அடித்தாற்போல மணிக்கு ஒரு தடவை மெஷினை நிறுத்துவார், ஜாபைத் துணியால் துடைப்பார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மைக்ரோமீட்டரைக் கண்ணருகில் வைத்துப் படித்து எழுதுவார். அவருக்கு புரொடக்ஷன் எப்போதும் பத்துப் பதினைந்து குறையும். மேஸ்திரி அவரிடம் சிடுசிடுப்பார். நாங்கள் சிரிப்போம். நானும் சிரித்தேன் என்பதை இன்று நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவருக்குப் பக்கத்து மெஷினில் என்னைப் போட்டிருந்தால் நான் வேறு மாதிரித் தொழில் கற்றிருப்பேன்.

பொய் ஷீட்டில் டூல் தேய்வதில்லை

"அளந்தாலும் அதே நம்பர்தான் வரப்போகுது, எழுதினா என்ன?" என்று கேட்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஷாஃப்ட் கடையக் கடைய டூலின் நுனி தேயும். நுனி தேய்ந்தால் வெட்டு குறையும், ஷாஃப்டின் விட்டம் மெல்ல மெல்லக் கூடும். காலையில் 25.004, பத்து மணிக்கு 25.008, மதியம் 25.015 என்று ரீடிங் ஏறிக்கொண்டே வரும். அப்படி ஏறுவதைப் பார்த்துத்தான் டூலைத் திருப்பிப் போடவோ, தேய்ந்த அளவுக்கு டூலை நகர்த்தி ஆஃப்செட் கொடுக்கவோ வேண்டும். உட்கார்ந்த இடத்தில் எழுதும் ஷீட்டில் எல்லா ரீடிங்கும் நடுவிலேயே நிற்கும். எச்சரிக்கை தர வேண்டிய காகிதம் ஊமையாகிவிடும். ரிஜெக்ட் ஆகும் ஜாப் எல்லாம் அந்த ஊமைக் காலத்தில்தான் பெட்டியில் போய் விழுகிறது.

ஒரு நாள் விட்டாலும் ஒன்றும் ஆகவில்லை, ஒரு வாரம் விட்டாலும் ஒன்றும் ஆகவில்லை, ஆகவே அளக்கத் தேவையில்லை என்று மனது கணக்குப் போட்டுக்கொள்கிறது. இது எவ்வளவு பெரிய இடத்தையும் விடாது. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73-ஆவது வினாடியில் சிதறி 7 பேர் இறந்தார்கள். ராக்கெட்டின் பாகங்கள் சேரும் மூட்டை அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் குளிரில் விறைத்துச் சரியாக அடைக்கவில்லை. அந்த வளையம் சூட்டில் அரிக்கப்படுவது அதற்கு முந்தைய பயணங்களிலேயே தெரிந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டதால் அந்த அரிப்பும் வழக்கமான சங்கதி ஆகிவிட்டது. கிளம்புவதற்கு முந்தைய இரவு, இவ்வளவு குளிரில் வேண்டாம் என்று ராக்கெட் செய்த கம்பெனியின் பொறியாளர்கள் சொன்னார்கள். அந்தக் கம்பெனியின் பெரிய அதிகாரி ஒருவர் தனக்குக் கீழே இருந்த பொறியியல் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள் என்றார். வேண்டாம் என்று சொன்ன கம்பெனியே சரி என்று எழுதிக் கொடுத்தது.

இதை வருடக்கணக்கில் ஆராய்ந்த டயேன் வான் என்ற சமூகவியலாளர், விலகல் கொஞ்சம் கொஞ்சமாக வழக்கமாகிப் போவது என்று இதற்குப் பெயர் கொடுத்தார். அன்று யாரும் ஏழு பேரைக் கொல்ல நினைக்கவில்லை, பெரும்பாலோர் தங்கள் இடத்தின் பழக்கப்படி நடந்தார்கள் என்பது அவர் கண்டது. முதல் தடவை நெஞ்சு உறுத்தும். பத்தாவது தடவை உறுத்தாது. நூறாவது தடவை, உறுத்துகிறது என்று சொல்பவன் நமக்கு வேடிக்கையாகத் தெரிவான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அளந்த அந்தப் பெரியவரைப் பார்த்து நாங்கள் சிரித்தது அந்த நூறாவது கட்டத்தில்.

யார், எங்கிருந்து

ஒரு இடத்தின் பண்பாட்டை எந்த நாளில் பார்க்கலாம் என்று என்னைக் கேட்டால், தப்பு வெளியே வந்த நாளில் என்பேன். அன்று மேலே இருப்பவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வியைக் கவனித்தால் போதும்.

முதல் கம்பெனியில் ஒரு லாட் திரும்பி வந்தது. நானூறு ஷாஃப்ட். விட்டம் கூடுதல். முதலாளி ஷெட்டுக்குள் வந்து கேட்ட முதல் கேள்வி, "எவன் எழுதினது?" எல்லாரும் எழுதியதுதான், ஆனால் அந்த ஷீட்டில் இருந்த கையெழுத்து ஒரு கான்ட்ராக்ட் பையனுடையது. அன்று மாலையே அவனை அனுப்பிவிட்டார்கள். மறுநாள் எங்கள் மெஷினில் என்ன மாறியது என்று நினைக்கிறீர்கள்? ஷீட் இன்னும் அழகாக நிரம்பியது. அளப்பது கூடவில்லை. கையெழுத்தைப் புரியாதபடி கிறுக்கக் கற்றுக்கொண்டோம்.

இரண்டு வருடம் கழித்து வேறு கம்பெனிக்குப் போனேன். அதுவும் ஓசூரில்தான், அதே மாதிரி வேலைதான். சேர்ந்த புதிதில் ஒரு நாள் மைக்ரோமீட்டர் என் கையிலிருந்து நழுவிச் சிமெண்ட் தரையில் விழுந்தது. எடுத்துத் துடைத்தேன். கீறல்கூட இல்லை. பழைய புத்தி, சுற்றிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைக்கப் போனேன். பக்கத்து மெஷின் அண்ணன், "விழுந்துச்சா? மேஸ்திரிகிட்ட குடுத்துடு. வெச்சிக்காத" என்றார். என் வயிறு கலங்கியது. மைக்ரோமீட்டரின் விலை எனக்குத் தெரியும்.

மேஸ்திரி வாங்கினார், ஜீரோ பார்த்தார். இரண்டு மைக்ரான், அதாவது 0.002 மில்லிமீட்டர், தள்ளி இருந்தது. அவர் கேட்டது இவ்வளவுதான்: "எந்த ஜாப்லேர்ந்து சந்தேகம்?"

எனக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டார். எப்போது விழுந்தது, அதற்குப் பிறகு எத்தனை ஜாப் இதில் அளந்தாய், அவை எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று. இப்போதுதான் விழுந்தது, எதையும் அளக்கவில்லை என்றேன். சரி, காலையில் இது நல்லாத்தான் இருந்ததா என்று ஒரு சந்தேகம் அவருக்கு. அளவு துல்லியமாகத் தெரிந்த மாதிரித் துண்டான மாஸ்டர் பீஸைக் கொண்டுவரச் சொன்னார். அன்று காலையிலிருந்து ஓடிய 140 ஜாபையும் வேறு மைக்ரோமீட்டரில் அவரே என்னோடு உட்கார்ந்து அளந்தார். எல்லாம் சரியாக இருந்தது. கீழே விழுந்ததை ஒரு சிவப்பு டப்பாவில் போட்டு, அளவு சரிபார்க்கும் கேலிப்ரேஷனுக்கு எழுதிக் கொடுத்தார். "அடுத்த தடவ கையில எண்ணெய் இருந்தா துடைச்சிட்டு எடு" என்றதோடு பேச்சு முடிந்தது.

அந்த ஷெட்டில் அன்று பன்னிரண்டு பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையிலிருந்து ஒன்று விழுந்தால் சொல்லலாம் என்று பன்னிரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. எந்த வகுப்பு எடுத்தும் இதைச் சொல்லித் தர முடியாது. அடுத்த வருடங்களில் நான் அங்கே ஒரு ரீடிங்கைக்கூட உட்கார்ந்து எழுதவில்லை. எனக்குத் திடீரென்று யோக்கியதை வந்துவிடவில்லை. அங்கே அதற்கு அவசியமே வரவில்லை, அவ்வளவுதான்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1990-களில் ஆஸ்பத்திரிகளில் இதையே வேறு வடிவத்தில் கண்டார். நர்சுகள் சேர்ந்து நன்றாக வேலை செய்யும் வார்டுகளில் மருந்து கொடுப்பதில் தப்பு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துக் கணக்கெடுத்தார். ஆனால் அங்கேதான் தப்புகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்தால், அங்கே தப்பு அதிகம் நடக்கவில்லை, நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள். மற்ற வார்டுகளில் பயத்தில் வெளியே வரவில்லை. ஒரு இடத்தில் ரிஜெக்ஷனே இல்லை, புகாரே இல்லை என்று கணக்குக் காட்டினால் நான் இப்போதெல்லாம் சந்தோஷப்படுவதில்லை. சொல்ல முடிகிறதா என்று முதலில் பார்க்கிறேன்.

மாங்காய் எடை

இது லேத்தும் ராக்கெட்டும் மட்டும் சம்பந்தப்பட்ட சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் மே மாதம் தொடங்கினால் மாம்பழக் கூழ் கம்பெனிகளின் வாசலில் டிராக்டரும் மினி லாரியும் வரிசை கட்டி நிற்கும். பெங்களூரா மாங்காய்தான் அதிகம். எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் எடை மேடையில் சீட்டு எழுதும் வேலைக்குப் போவார். முதலில் இருந்த இடத்தில் ஓனர் தினமும் சாயந்திரம் வந்து, "இன்னைக்குக் கழிவு எவ்வளவு புடிச்ச?" என்று கேட்பாராம். அழுகல், காம்பு, அடிபட்டது என்று எடையில் கழிப்பதுதான் கழிவு. கூடுதலாகக் கழித்த நாளில் ஓனர் முகம் மலரும். இவர் கை தானாகக் கூடக் கழித்தது. பழம் அழுகிவிடும் என்ற பயத்தில் விவசாயி ராத்திரி முழுக்க வரிசையில் நின்றவர், சண்டை போடத் தெம்பு இல்லாமல் சீட்டை வாங்கிக்கொண்டு போவார்.

அடுத்த சீசனில் வேறு கம்பெனி. அங்கே ஓனர் மதியம் ஒரு தடவை வந்து, "எடைக்கு யாராச்சும் சண்ட போட்டாங்களா? என்ன சொன்னாங்க?" என்று விசாரிப்பாராம். எடை காட்டும் திரையை டிரைவர் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். கெட்ட பழத்தைக் கிரேட்டில் தனியே கொட்டி, விவசாயி கண் முன்னால் எடை போட்டுத்தான் கழிப்பார்கள். என் சித்தப்பா இரண்டு இடத்திலும் காய் இறக்கியவர். "அந்தப் பையன் இங்க வந்து ரொம்ப நல்லவனா ஆயிட்டாம்ப்பா" என்று என்னிடம் சொன்னார். ஆள் மாறவில்லை. சாயந்திரம் கேட்கப்படும் கேள்வி மாறியிருந்தது.

அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ என்ற பெரிய வங்கியில் அந்தக் கேள்வி, ஒரு வாடிக்கையாளருக்கு எத்தனை கணக்கு விற்றாய் என்பதாக இருந்தது. ஆளுக்கு எட்டு என்று இலக்கு. நெருக்கடி தாங்காமல் கிளை ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே அவர் பெயரில் கணக்குத் திறந்தார்கள். 2016-ல் விஷயம் வெளியே வந்தபோது அப்படிப்பட்ட கணக்குகள் சுமார் 20 லட்சம் இருக்கலாம் என்றார்கள். பின்னர் அந்த எண்ணிக்கை இன்னும் கூடியது. 18.5 கோடி டாலர் அபராதம். 5,300 பேர் அளவில் வேலையிழந்தார்கள். ஐயாயிரம் பேரும் பிறவியிலேயே மோசடிக்காரர்களாக இருந்து, எப்படியோ ஒரே வங்கியில் வந்து சேர்ந்தார்கள் என்பதை என்னால் நம்ப முடியாது.

பார்ட் விக்டர், ஜான் கல்லன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1988-ல் வேலையிடங்களின் அறச்சூழலைப் பிரித்துப் பார்த்தார்கள். முடிவு எடுக்கும்போது சில இடங்களில் "நமக்கு என்ன லாபம்?" என்பது முன்னால் வந்து நிற்கும். சில இடங்களில் "நம்ம ஆளுங்களுக்கு என்ன ஆகும்?" என்பது. வேறு சில இடங்களில் "விதி என்ன சொல்லுது?" என்பது. மூன்றும் எல்லா இடத்திலும் கலந்துதான் இருக்கும். இரண்டாவது கேள்வி கேட்க நன்றாக இருந்தாலும் அதிலும் ஆபத்து உண்டு. நம்ம பையன், பாவம், காட்டிக் கொடுக்க வேண்டாம் என்று தப்பை மூடுவதும் அதே பாசத்தில்தான் நடக்கிறது. என் சீனியர் அண்ணன் எனக்கு ரீடிங்கை மாற்றி மாற்றிப் போடக் கற்றுக்கொடுத்ததும் பாசத்தில்தான்.

மேலே இருப்பவர் நல்லவராக இருந்தால் போதுமா என்று கேட்பார்கள். போதாது. லிண்டா டிரெவினோவும் அவரோடு ஆராய்ச்சி செய்தவர்களும் 2000-ல் எழுதியது இது: தலைவர் தனிப்பட்ட முறையில் நேர்மையானவராக இருப்பது ஒரு பாதி, அந்த நேர்மையைக் கீழே உள்ளவர்கள் பார்க்கும்படி பேசி, பாராட்டி, தண்டித்து நடத்துவது இன்னொரு பாதி. முதல் பாதி மட்டும் இருப்பவரைப் பற்றிக் கீழே உள்ளவர்களுக்கு எதுவும் தெரிவதில்லை. லாபக் கணக்கு மட்டுமே அவர் வாயிலிருந்து வருவதால், அவருக்கு அது மட்டும்தான் முக்கியம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். என் முதல் முதலாளி தன் சொந்தக் கணக்கில் ஒரு ரூபாய் தப்பாக வைக்காதவர் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்களுக்கு அது தெரிய வழியே இருக்கவில்லை.

முதல் வாரத்தில்

வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: முதல் வாரம் வாயை மூடிக்கொண்டு பார். ஒரு ஜாப் வீணானால் என்ன பேச்சு வருகிறது என்று பார். நிதானமாக, சரியாகச் செய்பவரை அங்கே எப்படி நடத்துகிறார்கள், சிரிக்கிறார்களா, அவரிடம் போய்ச் சந்தேகம் கேட்கிறார்களா என்று பார். மெஷினின் பாதுகாப்பு மூடியை எடுத்துவிட்டுக் கையை உள்ளே விடச் சொல்லும் இடமாக இருந்தால் யோசிக்காதே, விரல் திரும்ப முளைக்காது, அன்றே வெளியே வா.

சட்டம் கொடுக்கும் பிடியும் தெரிந்திருக்க வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனிகள் 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, முறைகேட்டைப் பற்றி ஊழியர் புகார் சொல்ல வழி வைத்திருக்க வேண்டும். சொன்னவரைப் பழிவாங்காமல் பாதுகாக்கவும் வேண்டும். பெண்கள் மீதான பாலியல் தொல்லையை விசாரிக்க, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது அதே 2013-ல் வந்த இன்னொரு சட்டம். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு. இன்று நம் ஊர்களிலிருந்து இளம் பெண்கள் பஸ் பஸ்ஸாக ஓசூர் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று முதல் வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்கிறேன்.

ஆனால் ஷீட் நிரப்புகிற பழக்கத்துக்கு எந்தக் குழுவிடமும் போய்ப் புகார் சொல்ல முடியாது. போன வருடம் என்னிடம் படித்த பையன் ஒருவன் சேர்ந்த இரண்டாம் வாரம் போன் பண்ணினான். "சார், நீங்க சொன்ன மாதிரியே ஒன்பதரைக்கு உக்காந்து எழுதறாங்க. என்ன சார் செய்யறது?" வேலையை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி ராகி நிலம், தங்கை கல்லூரியில். யாரையும் காட்டிக் கொடு என்றும் சொல்லவில்லை. உன் மெஷினில் உன் ஐந்து ஜாபை நீ அள, வந்ததை எழுது, பக்கத்தில் நேரத்தைப் போடு, ரீடிங் ஏறினால் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டு என்றேன். யாராவது கேட்டால் எனக்கு அளந்துதான் பழக்கம் என்று சொல்லிவிடு, அடுத்தவரைப் பற்றிப் பேசாதே என்றேன்.

முதல் மாதம் அவனுக்கு புரொடக்ஷன் குறைந்தது, மேஸ்திரி சிடுசிடுத்தார். இரண்டாம் மாதம் அவன் ஷீட்டில் ரீடிங் ஏறுவதைப் பார்த்து ஒரு டூலை முன்னாடியே மாற்றினார்கள். அதற்காக யாரும் அவனைத் தட்டிக் கொடுக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது ராத்திரி ஷிப்டைப் பற்றி என்னென்னவோ சொல்லிவிட்டு, கடைசியில்தான் சொன்னான்: பக்கத்து மெஷின் அண்ணன் இரண்டு மூன்று தடவை வந்து அவன் மைக்ரோமீட்டரை வாங்கிக்கொண்டு போனாராம்.